மக்கும் குப்பையும் இரண்டு மழைக்காலங்களும்

2023 ஜூன் மாதம், தென்மேற்குப் பருவமழை பிடித்துக்கொண்ட முதல் வாரத்தில், எங்கள் வீட்டுப் பச்சை வாளியை வாங்க தூய்மைப் பணியாளர் அக்கா மறுத்துவிட்டார். மக்குவதையும் மக்காததையும் முறையாகப் பிரித்து வைத்த பிறகும் இப்படியா என்று எனக்குக் கோபம் வந்தது. அவர் பதில் பேசாமல் வாளியைச் சற்றுச் சாய்த்துக் காட்டினார். மீன் கழுவிய நீரும், மிஞ்சிய குழம்பும், மூடாமல் வாசலில் வைத்ததால் இரவெல்லாம் விழுந்த மழையும் சேர்ந்து அடியில் நான்கு விரல் உயரத்துக்கு நின்றன. "டீச்சர், இத வண்டியில ஏத்துனா ரோடு முழுக்க ஒழுகும். அங்க கொண்டு தட்டுனா தொட்டியே நாறிப் போவும்" என்றார்.

என் அம்மா இருந்த காலத்தில் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. மரச்சீனி (மரவள்ளிக் கிழங்கு) தோலும் மீன் செதிலும் வாழை மூட்டுக்கோ தென்னை மூட்டுக்கோ, அதாவது மரத்தடிக்கு, போய்விடும். அந்த விளை, அதாவது தோட்டம், பங்கு பிரிந்து, இன்று எனக்கு இருப்பது வீடும் சேர்த்து ஐந்து சென்ட். 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் வீட்டுக் குப்பையை மக்குவது, மக்காதது, வீட்டு அபாயக் கழிவு என மூன்றாகப் பிரிக்கச் சொல்லியிருந்தன; அதை வகுப்பில் பலமுறை பாடம் நடத்தியிருக்கிறேன். தண்ணீரை வடிப்பது பற்றி ஒரு முறையும் சொன்னதில்லை.

இதைப் பற்றிக் கேட்க உள்ளாட்சி அலுவலகத்துக்கு இரண்டு முறை நடையாக நடந்ததைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. மூன்றாம் முறை அங்கிருந்த ஒருவர், மக்கும் குப்பையை உரமாக்கும் நுண் உர மையத்தையே நேரில் போய்ப் பார்த்துவிடுங்கள் என்றார். அதுதான் உருப்படியான யோசனையாக இருந்தது.

தகரக் கூரைக்குக் கீழே, காற்று புகுவதற்காகச் செங்கற்களுக்கு நடுவே இடைவெளி விட்டுக் கட்டிய தொட்டிகள் வரிசையாக இருந்தன. அங்கே அதிக நேரத்தை விழுங்கும் வேலை முடிச்சு அவிழ்ப்பதுதான். ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்கைத் தமிழ்நாடு 2019 ஜனவரி 1 முதல் தடை செய்திருந்தும், சமையலறைக் கழிவு பெரும்பாலும் பிளாஸ்டிக் கவரில் இறுக்கிக் கட்டித்தான் வருகிறது; ஒவ்வொன்றையும் கிழித்துக் கொட்ட வேண்டியிருக்கிறது. சிரட்டை, சிப்பி ஓடு, ஓலை ஈர்க்கு ஆகியவை மற்றவை உரமாகும் கால அளவுக்குள் மக்காதவை என்பதால் தனியே பொறுக்கப்படுகின்றன. மிச்சத்தை நறுக்கி, அடுக்கடுக்காகப் போட்டு, சாணக் கரைசல் தெளித்து, இடையிடையே கிளறிவிட்டால் ஏறத்தாழ 45 நாட்களில் உரமாகிறது, பிறகு சலிக்கிறார்கள். எங்கள் குமரி மாவட்ட எல்லையிலுள்ள காளியக்காவிளை வழியாகக் கேரளக் கழிவு வண்டி வந்து பிடிபட்டது என்று செய்தி வந்தால் கொதித்துப் போகிற நாங்கள், எங்கள் சொந்தக் கழிவைப் பிறர் கைகள் எப்படிப் பிரிக்கின்றன என்று பார்க்க இவ்வளவு காலம் போனதில்லை.

அங்கே ஒரு தொட்டியின் மேற்பரப்பைக் கிளறியபோது ஆவி பறந்தது. நுண்ணுயிர்கள் கழிவைச் சிதைக்கும்போது எழும் சூடு 55 டிகிரி செல்சியஸுக்கு மேல் சில நாட்கள் நின்றால்தான் நோய்க்கிருமிகளும் களை விதைகளும் சாகும். அடுத்த தொட்டி கறுத்துக் குளிர்ந்து அழுகல் நாற்றம் அடித்தது. ஈரக் கழிவு மிகுதியாக வந்த நாட்களில் நிரப்பியதாம். நீர் இடைவெளிகளை அடைத்துவிட, காற்று புகாமல், மக்க வேண்டியது அழுகியிருந்தது. என்னுடைய வாளி எங்கே போய்ச் சேர்ந்திருக்கும் என்பது புரிந்தது.

அதன் பிறகு ஓட்டை போட்ட பழைய டிரம் ஒன்றைச் செங்கல் மேல் ஏற்றி வைத்து, வீட்டிலேயே ஒரு பகுதியை மக்கச் செய்யத் தொடங்கினேன். காய்கறித் தோலில் சிக்கல் எதுவும் வரவில்லை. சாளை மீனின் தலையும் குடலும் போட்ட மூன்றாம் நாள் அமோனியா வாடை பக்கத்து வீடு வரை போனது. மீனில் தழைச்சத்து (நைட்ரஜன்) மிகுதி; ஒரு பங்கு தழைச்சத்துக்கு 25 முதல் 30 பங்கு வரை கரிமம் (கார்பன்) இருந்தால்தான் நுண்ணுயிர்கள் அதை வீணாக்காமல் தம் உடலில் சேர்த்துக்கொள்ளும், இல்லையென்றால் அது வாடையாகக் காற்றில் போய்விடும். தென்னை நார்த்துகளில் கரிமம் நிறைய உண்டு, ஈரத்தையும் நன்றாக உறிஞ்சும். ஆனால் காயல் நீரில் ஊறிய தொண்டிலிருந்து (தேங்காய் மட்டையிலிருந்து) வந்த துகளில் உப்பு இருக்குமாதலால், அதைச் சாக்கோடு ஒரு மழையில் நனையவிட்டு, உலர்த்தி எடுத்தேன். மீன் கழிவை நடுவில் புதைத்து, மேலே அரை சாண் அளவுக்குத் துகளும் சருகும் மூடிய பிறகு வாடை நின்றது. ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் ஒன்றிரண்டு சொட்டு மட்டும் விழ வேண்டும் என்பதே இன்றும் என் அளவுகோல்.

அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை வந்தபோது உலர்ந்த சருகுக்கு எங்கே போவது என்று தெரியவில்லை. நமக்கு ஆண்டுக்கு இரண்டு மழை என்பதை விவசாயத்துக்கு மட்டும் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது தை, மாசியில் ரப்பர் மரங்கள் இலை உதிர்க்கும்போதே உறவினர் தோட்டத்திலிருந்து ஐந்தாறு சாக்கு அள்ளி வந்து பரணில் ஏற்றிவிடுகிறேன்.

வாளியில் இப்போது பழைய வடிகட்டிக் கூடை ஒன்று உட்கார்ந்திருக்கிறது, மூடியும் உண்டு. அக்கா அதைச் சாய்த்துப் பார்ப்பதை நிறுத்திப் பல மாதங்கள் ஆகின்றன. சக்கை (பலாப்பழ) காலத்தில்தான் டிரம் தாங்குவதில்லை. அதன் தோலான மடலையும் சுளைகளுக்கு இடையிலுள்ள நாரான சவிணியையும் சிறிதாக வெட்டி, ஒரு நாள் வெயிலில் காயவைத்து, அவரிடமே கொடுத்துவிடுகிறேன்.