வீட்டுக்காரி

எனக்குக் கொடுத்த படிவத்தில் உரிமையாளர் பெயரை எழுத ஒரே ஒரு கோடுதான் இருந்தது. முதல் வாரத்தில் அதை நான் கவனிக்கவே இல்லை.

2006-இல் இந்தோனேசியாவின் சுமத்ரா தீவின் வடமுனையில் இருக்கும் ஆச்சே மாகாணத்துக்கு வேலைக்குப் போனேன். அதற்கு முந்தைய வருஷம் நாகப்பட்டினத்தில் சுனாமி வீடுகளுக்கு மனை அளக்கும் வேலை. "நீதான் சுனாமி வேலை பார்த்தவன் ஆயிற்றே" என்று அனுப்பி வைத்தார்கள். அதன் தலைநகர் பண்டா ஆச்சேயின் லம்புலோ துறைமுகத்தில் படகேறினால் இரண்டு மணி நேரத்தில் ப்ரூவே தீவு. அதன் வடகோடியில் டச்சுக்காரர்கள் 1875-இல் கட்டிய கலங்கரை விளக்கம் இன்னும் நிற்கிறது. நான் வேலை பார்த்த ஊரின் பெயர் வேண்டாம். ஐம்பது குடும்பம்கூட மிஞ்சாத மீனவ கம்போங். கம்போங் என்றால் ஆச்சே மொழியில் கிராமம். தலைவரைக் கெச்சிக் என்பார்கள்.

வேலை இதுதான்: வீடு கட்டித் தர வேண்டும், அதற்கு மனை யாருடையது என்று தெரிய வேண்டும். பண்டா ஆச்சேயில் சேற்றில் ஊறிப்போன நிலப் பதிவேடுகளை உறைய வைத்து, ஜகார்த்தாவுக்கு அனுப்பிக் காப்பாற்றினார்கள். நான் வேலை பார்த்த ஊருக்கு அதனால் பயனில்லை. இவர்கள் பெயர் எந்தப் பதிவேட்டிலும் ஏறியதே கிடையாது. எங்கள் கடற்கரைக் குப்பங்களிலும் பட்டா வைத்திருப்பவர் குறைவு என்பதால் அது எனக்குப் புதிதாகப் படவில்லை. புதிதாகப் பட்டது, பட்டா இல்லாததை இவர்கள் ஒரு குறையாகவே நினைக்காததுதான்.

ஊரே கூடி நடந்து எல்லை காட்ட வேண்டும், பக்கத்து மனைக்காரர் தலையாட்ட வேண்டும், கெச்சிக் கையெழுத்துப் போட வேண்டும். அப்புறம் வரைபடத்தை மெனாசாவில், அதாவது ஊர்த் தொழுகைக் கூடத்தில், ஒட்டி வைப்போம். ஆட்சேபணை இருந்தால் சொல்லலாம். நடப்பதற்கு அடையாளமாக மிஞ்சியிருந்தவை கிணறுகள், சில வீடுகளின் சிமெண்டுத் தரை, தென்னை மூடுகள். ஒரு கிழவி இருந்தார். எல்லாரும் நேக், பாட்டி, என்றே கூப்பிடுவார்கள், நானும் அப்படித்தான். கிணற்று மேடையில் குதிகாலை வைத்து அடி எண்ணிக்கொண்டே போவார். நிற்கிற இடத்தில் என் ஆள் குச்சி ஊன்றுவான். பிறகு நாடா பிடித்துப் பார்த்தால் அரை அடிகூடப் பிசகாது.

தகராறு பெருகும் என்று எதிர்பார்த்துப் போயிருந்தேன். அவ்வளவாக இல்லை. ஒருவர் ராத்திரியில் குச்சியை இரண்டடி தள்ளி ஊன்றினார். காலையில் அது பழைய இடத்திலேயே இருந்தது, யார் மாற்றினார்கள் என்று யாரும் கேட்கவில்லை. என்னால் மறக்க முடியாதது வேறொன்று. ஒரு மனையின் குடும்பத்தில் ஒருவர்கூட மிஞ்சவில்லை. பக்கத்து மனைக்காரர் தன் எல்லையைக் காட்டும்போது, "வேலி இங்கே, அதற்கு மேல் அவர்களுடையது" என்று நிறுத்திக்கொண்டார். கேட்பதற்கு ஆளே இல்லாத வேலி. வாரிசு இல்லாத சொத்துக்கும் அனாதைப் பிள்ளைகளின் சொத்துக்கும் பைத்துல் மால் என்கிற இஸ்லாமிய நிதியம் பொறுப்பேற்கும் ஏற்பாடு ஆச்சேயில் உண்டு. அந்த மனையை அப்படித்தான் எழுதினோம்.

நேக்கின் மனையில்தான் முதல் சிக்கல். அடி எண்ணிக்கொண்டே போனவர் முழங்கால் தண்ணீரில் போய் நின்றார். நிலநடுக்கத்தில் கரை தாழ்ந்து, மனையில் பாதி கடலுக்குள் போயிருந்தது. இந்தோனேசியாவின் 1960-ஆம் வருஷத்து நிலச் சட்டத்தில் 27-ஆம் பிரிவு தெளிவாகச் சொல்கிறது: நிலம் அழிந்துபோனால் அதன் மேல் இருந்த உரிமையும் போய்விடும். கூட வந்த அதிகாரி இதைப் பொறுமையாக எடுத்துச் சொன்னார். நேக் நகரவில்லை. தண்ணீர் வற்றும்போது தான் சிப்பி பொறுக்குகிற இடம் அது, வேறு யாரும் அங்கே பொறுக்குவதில்லை, எழுது என்றார். என் ஆள் பென்சிலால் ஒரு புள்ளிக்கோடு போட்டான். அதிகாரி வேறு பக்கம் பார்த்துக்கொண்டார். நல்ல மனுஷன்.

அன்று சாயந்தரம் படிவத்தை நிரப்பும்போது, அந்த ஒரு கோட்டில் நேக்கின் மருமகன் பெயரை எழுதினேன். குடும்பத் தலைவர் அவர்தானே. எழுதியதைத் துணைக்கு வந்த இளைஞன் சத்தமாகப் படிக்கவும் திண்ணையில் இருந்த பெண்கள் சிரித்துவிட்டார்கள். மருமகனும் சிரித்தார்.

ஆச்சேயில் மனைவியைப் போ ருமோ என்பார்கள். போ என்றால் உடையவர், ருமோ என்றால் வீடு. நம் வீட்டுக்காரி என்ற சொல்லேதான். ஆனால் நம் ஊரில் அது வெறும் பேச்சு; வீடு வீட்டுக்காரர் பெயரில் இருக்கும். அங்கே சொல் சொன்னபடியே நடக்கிறது. மகளுக்குக் கல்யாணம் ஆனால் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவார். பெற்றோர் கொஞ்ச காலம் கழித்து மகளுக்கு வீடோ மனையோ பிரித்துக் கொடுப்பார்கள். பாகப்பிரிவினை என்று வரும்போது மகனுக்கு இரண்டு பங்கு, மகளுக்கு ஒரு பங்கு என்று மார்க்கச் சட்டம் இருக்கிறது. ஆனால் மகளின் வீடு அதற்கு முன்பே கை மாறியிருக்கும். ஆக, நான் மருமகன் பெயரை எழுதியது, விருந்தாளியை வீட்டு உரிமையாளர் ஆக்கியது போல. அந்த வாரத்தில் அதே மாதிரி பதினான்கு படிவம் எழுதியிருந்தேன்.

படகுக் கணக்கு இன்னும் குழப்பம். படகு யாருடையது என்று கேட்டால் ஓட்டுகிற பவாங்கைக் காட்டுவார்கள். பவாங்கைக் கேட்டால் தோக்கே என்பார். தோக்கே என்பவர் பணம் போடுகிறவர். மீனை அவரிடம்தான், அவர் சொல்கிற விலைக்குத்தான் கொடுக்க வேண்டும். சுனாமிக்குப் பிறகு வெளியார் படகு கொண்டுவந்து கொடுத்தார்கள். தோக்கேயின் பிடி விடும் என்று நானும் சந்தோஷப்பட்டேன். பாதிப் படகுகள் அந்தக் கடலுக்குத் தாங்காத சின்னப் படகுகள், கரையிலேயே வெயிலில் பிளந்துபோயின. மீதிக்கு டீசல் போட, வலை வாங்க, மறுபடியும் தோக்கேயிடமே போனார்கள். காற்றுக் காலத்தில் அரிசி கொடுப்பதும், பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் பண்டா ஆச்சேக்குப் போகப் பணம் தருவதும் அவர்தான். எங்கள் திட்டத்தில் அதற்கெல்லாம் இடமில்லை. கடல் மட்டும் யாருடையதும் இல்லை. ஆனால் அதற்கும் ஒரு நாட்டாமை உண்டு, பங்லிமா லாவுத் என்று. வெள்ளிக்கிழமை கடலுக்குப் போகக் கூடாது, டிசம்பர் 26-உம் போகக் கூடாது என்பது அவர்கள் வைத்த சட்டம். மீறினால் மீனைப் பறிமுதல் செய்துவிடுவார்கள். பட்டாவுக்கு இல்லாத மரியாதையை இந்தச் சட்டத்துக்கு அங்கே பார்த்தேன்.

பதினான்கு படிவங்களையும் திருத்தி எழுதிக்கொண்டு அலுவலகத்துக்குப் போனேன். கணவன், மனைவி இரண்டு பேரையும் போடலாமே என்றேன். கோடு ஒன்றுதான் இருக்கிறது என்றார்கள். எட்டை மாற்றிக்கொண்டார்கள், ஆறு ஏற்கெனவே மேலே போய்விட்டது. ஆச்சேக்கு மொத்தம் 6 லட்சம் பட்டா என்று தொடங்கிய வேலை அது. கடைசியில் அதில் பாதியைக்கூடத் தொடவில்லை. அந்த அவசரத்தில் என் ஆறு படிவம் எங்கே தெரியப்போகிறது? அவர்களைக் குறை சொல்லவும் எனக்கு வாயில்லை, முதலில் தப்பாக எழுதியது என் கைதானே.

ஒப்பந்தம் முடிந்து கிளம்பும் முன் பட்டாக்கள் வந்துவிட்டன. நேக்கின் வீட்டுக்குப் போனேன். முப்பத்தாறு சதுர மீட்டர் வீடு, சுவருக்கு இன்னும் சுண்ணாம்புகூட அடிக்கவில்லை. அரிசி டின்னுக்குள்ளிருந்து பிளாஸ்டிக் உறையை எடுத்து என்னைப் படிக்கச் சொன்னார். மருமகன் பெயர். புள்ளிக்கோடும் இல்லை. மாற்ற வழியிருக்கிறது, மருமகன் ஒரு கையெழுத்துப் போட்டால் நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன் என்றேன்.

அவர் கடலுக்குப் போயிருந்தார். வெள்ளிக்கிழமைக்காக வியாழன் சாயந்தரம் எப்படியும் கரைக்கு வந்துவிடுவார் என்றார் நேக். என் படகு புதன்கிழமை காலை.