எத்தனை சுண்டு போட்டீர்கள்?

மட்டக்களப்பு மாவட்டத்தின் வெல்லாவெளிப் பக்கத்தில் இருக்கும் ஓர் அம்மாவை நான் எப்போதும் நண்பகல் பன்னிரண்டரை மணிக்கே அழைப்பேன். அவருக்கு நீண்ட காலமாக நீரிழிவு. கிளினிக்கில் உணவு ஆலோசனைக்காக என் முன்னால் உட்கார்ந்திருந்த நாட்களில், மதியம் எவ்வளவு சோறு சாப்பிடுவீர்கள் என்று கேட்டால், "ஒரு கோப்பைதான் மனே" என்பார். நானும் அப்படியே எழுதிக்கொள்வேன். கோப்பை என்றால் நம் பக்கத்தில் சோறு தின்னும் தட்டு என்பது எனக்கும் தெரியும். ஆனால் அந்தத் தட்டில் சோறு எவ்வளவு உயரத்துக்கு இருக்கும் என்று ஒருநாளும் கேட்டதில்லை. முதன்முறையாக அவரைத் தொலைபேசியில் அழைத்தபோது பின்னணியில் பானை மூடியின் சத்தம் கேட்டது. உலையில் எத்தனை சுண்டு அரிசி போட்டீர்கள் என்று கேட்டேன். சுண்டு என்பது நம் பக்கத்தில் அரிசி அளக்கும் பேணி. மூன்று சுண்டு என்றார். மருமகன் வட்டைக்கு, அதாவது வயலுக்கு, கட்டிக்கொண்டு போனது பாதி, பேத்திக்கு அரைச் சுண்டுச் சோறு, இரவுக்கு எதுவும் மிச்சமில்லை. அப்படியானால் அவர் உண்டது ஒரு சுண்டு, அதாவது ஏறத்தாழ 200 கிராம் அரிசி. அதில் மாப்பொருள் மட்டும் 150 கிராமுக்கு மேல் வரும். ஒரு வேளைக்கு நான் அவருக்கு வகுத்திருந்த அளவின் மூன்று மடங்கு அது. அவர் என்னிடம் பொய் சொல்லவில்லை. நான் கேட்ட கேள்வியில்தான் பிழை இருந்தது.

2020 மார்ச் மாதத்தில் ஊரடங்கு வந்தபோதுதான் இந்தத் தொலைபேசி வேலை தொடங்கியது. கிளினிக் நோயாளர்களுக்கான மருந்துகள் தபால் மூலம் வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தன. அந்த மருந்தோடு எதை, எவ்வளவு உண்பது என்ற பேச்சு மட்டும் நின்றுபோனது. பதிவுகளில் இருந்த எண்களை ஒவ்வொன்றாக அழைத்தேன். 2022இல் எரிபொருளுக்கு வரிசை நின்ற மாதங்களில் அது மீண்டும் தேவைப்பட்டது. அதன் பிறகு நான் அதை விடவில்லை. வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையில் இருந்து ஒருவர் காலைக் கிளினிக்குக்கு வருவதென்றால் யானைக்குப் பயந்து விடியும்வரை காத்திருந்து, பிறகு இரண்டு பஸ் ஏறி, அரை நாள் கூலியை இழந்து வர வேண்டும். என்னோடு பேசுவதற்கு அவருக்குக் கிடைப்பதோ ஏழெட்டு நிமிடம்.

வீட்டில் இருப்பவரோடு பேசும்போது அவருடைய சமையலறை முழுவதும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஓர் ஆண்டு பிடித்தது. உப்பைக் குறையுங்கள் என்று சொல்வதை நான் நிறுத்திவிட்டேன். 400 கிராம் உப்புப் பைக்கற்று உங்கள் வீட்டில் எத்தனை நாளைக்கு வருகிறது என்று கேட்கிறேன். வளர்ந்த ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாகவே உப்பு இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. நான்கு பேர் உள்ள வீட்டில் அந்தப் பைக்கற்று 20 நாளுக்குக் குறையாமல் வர வேண்டும். மீன் கழுவச் செலவாகும் உப்பை இதிலிருந்து கழிக்க வேண்டும், கருவாட்டில் ஏற்கெனவே இருக்கும் உப்பைக் கூட்ட வேண்டும். சீனிக்கும் இதே கணக்குத்தான். ஆளுக்கு 25 கிராம் என்று வைத்தாலும் ஒரு கிலோ சீனி நான்கு பேருக்குப் பத்து நாள் வரும். பல வீடுகளில் அது ஐந்தாம் நாளே தீர்ந்துவிடுகிறது. பெரும்பகுதி பிளேன்டீயில்தான் போகிறது. இந்தக் கணக்கை நான் சொல்லாமல், டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு அந்த வீட்டுப் பெண்ணே கூட்டிப் பார்க்கும்போது, அடுத்த மாதம் அந்த டப்பா மெதுவாகக் குறைகிறது. கிளினிக்கில் நான் கொடுத்த அச்சிட்ட தாள்களால் அப்படி எதுவும் நடக்கவில்லை.

யாரோடு பேசுகிறேன் என்பதும் மாறியது. கிளினிக்குக்கு வருபவர் நோயாளர். சமைப்பவர் பெரும்பாலும் வேறொருவர். இப்போது ஐயாவோடு ஐந்து நிமிடம் பேசிவிட்டு, அவருடைய சம்மதத்தோடு, அடுப்படியில் இருப்பவரிடம் தொலைபேசியைக் கொடுக்கச் சொல்கிறேன். முருங்கையிலையையும் பொன்னாங்கண்ணியையும் சுண்டுவதற்கு எவ்வளவு தேங்காய்ப்பூ போடுகிறார், பாலாணத்துக்கு (தேங்காய்ப்பால் குழம்புக்கு) முதற்பாலா இரண்டாம் பாலா, குரக்கன் (கேழ்வரகு) பிட்டு அவித்தால் வீட்டில் யார் யார் சாப்பிடுவார்கள் என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். சில வீடுகளில் மகள் கட்டாரில் இருந்தபடியே இணைப்பில் சேர்ந்துகொள்கிறார். பணம் அனுப்புபவர் அவர் என்பதால், பால்மாவுக்கும் பிஸ்கட்டுக்கும் போகும் காசில் ஒரு பங்கை முட்டைக்கும் நெத்தலிக்கும் பயறுக்கும் மாற்றுவது பற்றி அவரோடு பேசித்தான் ஆக வேண்டும். இதோடு நான் எதிர்பாராத ஒன்றும் தெரியவந்தது. தொலைபேசியைக் கையில் வாங்கும் அந்தப் பெண்ணிடம், "நீங்கள் சாப்பிட்டுவிட்டீர்களா?" என்று மரியாதைக்காகக் கேட்பேன். எல்லோரும் உண்ட பிறகு சட்டியில் எஞ்சிய ஆணத்தோடு சோறு மட்டும் உண்பவர்கள் எத்தனை பேர் என்பது அந்த ஒரு கேள்வியில்தான் எனக்குத் தெரிந்தது. களைப்பு, தலைச்சுற்று என்று அவர்கள் சொல்லும்போது, இரத்தச்சோகை இருக்கிறதா என்று பரிசோதிக்கும்படி குடும்பநல உத்தியோகத்தரிடம் (ஊர் மருத்துவிச்சியிடம்) அனுப்புகிறேன். அவர்களில் எவரும் என் நோயாளர் பட்டியலில் இருந்ததில்லை.

வீடியோ அழைப்பு இல்லாமல் இது நடக்காது என்று சிலர் நினைக்கிறார்கள். என் அனுபவம் வேறு. கவரேஜ் அறுந்து அறுந்து வரும் இடத்தில் வீடியோ பொறுமையைத்தான் தின்னும். சாதாரணக் குரல் அழைப்பும், சாப்பிடத் தொடங்குமுன் எடுத்த ஒரு தட்டின் படமும் போதும். அளவு தெரிவதற்காகத் தட்டின் ஓரத்தில் ஒரு தீப்பெட்டியை வைக்கச் சொல்வேன். சோடாப் போத்தல் இருந்தால் அதன் நிற அடையாளத்தையும் படம் எடுக்கச் சொல்வேன். 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் அது சிவப்பாக இருக்க வேண்டும் என்ற ஒழுங்குவிதி 2016 முதல் நம் நாட்டில் உண்டு. எழுத வாசிக்கத் தெரியாதவரும் அந்தச் சிவப்பைக் கண்டுகொள்கிறார்.

ஒரு சங்கடத்தையும் சொல்ல வேண்டும். வீட்டில் பேசுபவருக்குத் தனிமை இல்லை. மாமியார் பக்கத்தில் இருக்கையில், தனக்கு இரவில் சாப்பாடு போதவில்லை என்று ஒரு மருமகள் எப்படிச் சொல்வார்? அதனால் ஓம், இல்லை என்று மட்டும் பதில் சொல்லக்கூடிய விதமாகக் கேள்விகளை அமைக்கப் பழகிக்கொண்டேன். கிணற்றடிக்குப் போய் நின்று அவரே திருப்பி எடுப்பதும் உண்டு.

நோன்பு மாதத்துக்கு முந்திய வாரங்கள் எனக்கு மிகவும் வேலை கூடிய காலம். காத்தான்குடி, கல்முனை, சம்மாந்துறை, நிந்தவூர் எனப் பல ஊர்களில் நீரிழிவு உள்ளவர்கள் நோன்பு பிடிக்க விரும்புகிறார்கள். மருந்தின் அளவையும் நேரத்தையும் மாற்றுவது வைத்தியரின் வேலை. அதை முதலில் முடித்துவிட்டு வாருங்கள் என்பேன். பிறகு விடியலுக்கு முந்திய சஹர் உணவைக் கடைசி நேரத்துக்குத் தள்ளி வைப்பது, நோன்பு திறக்கும்போது பேரீச்சம்பழத்தை ஒன்றிரண்டோடு நிறுத்துவது, நோன்புக் கஞ்சி குடித்த அன்று இரவுச் சோற்றைக் குறைப்பது, பொரித்தவற்றை நாள்தோறும் செய்யாமல் இருப்பது என்று பேசுவோம். விரலில் குத்தி இரத்தச் சீனி பார்ப்பதால் நோன்பு முறியாது என்பதை ஒரு மௌலவியிடமே கேட்டுத் தெளியச் சொல்வேன். அது என் வாயிலிருந்து வருவதைவிட அவர் வாயிலிருந்து வருவதே பொருத்தம். இரத்தச் சீனியின் அளவு (டெசிலீற்றருக்கு மில்லிகிராமில்) 70க்குக் கீழே இறங்கினாலோ 300க்கு மேலே ஏறினாலோ அன்றைய நோன்பை விட்டுவிட வேண்டும். நோன்பு காலத்தில் பிற்பகல் நான்கு மணிக்கு நானே அழைக்கிறேன். நோன்பு பிடித்திருக்கும் வாப்பாவோடு கதைக்கும்போது, சீனி இறங்கிச் சொல் தடுமாறுகிறதா என்று காது கொடுத்துக் கேட்பேன். ஒருமுறை அப்படித் தடுமாறியது. பேத்தியை அழைத்து, மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்து மெதுவாகக் குடிக்கக் கொடுக்கச் சொல்லி, பதினைந்து நிமிடத்தில் மறுபடியும் பார்க்கும்வரை அழைப்பைத் துண்டிக்காமல் இருந்தேன். அன்று முதல், தனியாக இருக்கும் எந்த நோயாளரிடமும் பக்கத்து வீட்டு எண் ஒன்றை வாங்காமல் ஆலோசனையைத் தொடங்குவதில்லை.

தொலைபேசியால் முடியாததை ஒரு குழந்தைதான் எனக்குக் காட்டிக் கொடுத்தது. இரண்டு வயதுப் பையன். தாய் ஒவ்வொரு முறையும் நன்றாகச் சாப்பிடுகிறான் என்றார், படத்திலும் கன்னம் உப்பியே தெரிந்தது. இரண்டு மாதம் அந்தச் சொல்லை நம்பினேன். குடும்பநல உத்தியோகத்தர் வீட்டுக்குப் போய் மேற்கையின் சுற்றளவை அளந்தபோது அது 115 மில்லிமீற்றருக்கும் குறைவாக இருந்தது. கடுமையான போசாக்கின்மைக்கான எல்லை அது. உடனே வைத்தியசாலையில் சேர்த்தார்கள், பிள்ளை தேறினான். கன்னத்தில் நான் கண்டது வீக்கம். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளை இப்போது தொலைபேசியில் மட்டும் நான் பார்ப்பதில்லை. மாதந்தோறும் நிறுத்த எடை, வளர்ச்சிப் பதிவேட்டின் படத்தில் என் கண்ணுக்குத் தெரிய வேண்டும். அது வராவிட்டால் அடுத்த அழைப்பு தாய்க்கல்ல, அந்தப் பகுதியின் குடும்பநல உத்தியோகத்தருக்கு. பெரியவர்களிடத்திலும் கால் புண், உடல் வீக்கம், காரணமில்லாத மெலிவு என்று கேட்டவுடன் உணவுப் பேச்சை நிறுத்தி, நேரில் வைத்தியரிடம் போகச் சொல்கிறேன். அதற்குத் தேவையான பஸ் விபரத்தையும் நானே பார்த்துச் சொல்கிறேன்.

வெல்லாவெளி அம்மா இப்போது இரண்டு சுண்டும் கொஞ்சமும் போடுகிறார். மருமகனின் கட்டுச்சோற்றில் அவர் கை வைக்கவில்லை, அதை நானும் கேட்கவில்லை. வட்டையில் வேலை செய்பவருக்கு அது வேண்டும். தன் தட்டில் அவர் குறைத்த இடத்தில் வல்லாரைச் சம்பலும் பயற்றங்காயும் வந்திருக்கின்றன. இரத்தச் சீனியின் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 9.8இலிருந்து 8.1க்கு இறங்கியிருக்கிறது, இன்னும் இறங்க வேண்டும். நேற்று அழைத்தபோது அறுவடைக்கு ஆட்கள் வந்திருப்பதாகவும் அன்றைக்கு எட்டுச் சுண்டு உலையில் இருப்பதாகவும் சொன்னார். உங்களுக்கு என்று எடுத்து வைத்தது எவ்வளவு என்று கேட்டேன். தட்டைப் படம் எடுக்கப் பேத்தி பள்ளிக்கூடத்தால் வரட்டும் என்றார்.