அரவேணு ஷெட்டில் நிற்கும் டெமோ வண்டி

போன வாரம் ஒரு பையன் போன் செய்தான். ஒரு புது பைக் கம்பெனிக்குக் கோத்தகிரியில் சப் டீலர்ஷிப் எடுக்கலாமா என்று கேட்டான். "அக்கா, ஓட்டிப் பார்த்தேன், வண்டி சூப்பரா இருக்கு" என்றான். இருக்கும். நான் எடுத்த வண்டியும் அப்படித்தான் இருந்தது. போனில் சொல்லி முடியவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

2021 ஆயுத பூஜை அன்று ஷோரூம் திறந்தேன். 2024 மார்ச்சில் மூடினேன். கம்பெனி பெயர் வேண்டாம். சின்னக் கம்பெனி, ஒரே இன்ஜின், அதில் இரண்டு மாடல். மெயின் டீலர் கோயம்புத்தூரில் இருந்தார். அவருக்குப் பணம் போன பிறகுதான் வண்டி மலை ஏறும். மூன்று வண்டி ஸ்டாக் வைத்தால் ஆறு லட்சம் ரூபாய் அங்கேயே நின்றுவிடும். கேட்டு வருகிறவருக்குக் கறுப்பு வேண்டும், என்னிடம் நிற்பது சிவப்பாக இருக்கும். வட்டி மட்டும் நாள் தவறாமல் ஏறும்.

எங்கள் ஊரில் வண்டி வியாபாரம் பச்சைத் தேயிலை விலையோடு போகும். ஃபேக்டரியில் இலைக்கு நல்ல விலை போட்ட மாதம் நாலு பேர் விசாரிப்பார்கள். விலை இறங்கினால் ஷோரூமுக்குள் ஈ கூட வராது. பெரிய கம்பெனி டீலருக்கும் இதே கதைதான். ஆனால் அவரிடம் ஸ்கூட்டர் இருக்கிறது. டீச்சர், நர்ஸ், கடைக்காரர் என்று யாராவது ஒருவர் எந்த மாதமும் ஸ்கூட்டர் வாங்குவார்கள். அதில் வாடகையும் சம்பளமும் வந்துவிடும். ஆசைப்பட்டு வாங்கும் இரண்டு லட்ச ரூபாய் பைக் மட்டும் வைத்திருந்த எனக்கு அந்த வழி இல்லை.

ஃபைனான்ஸ்காரர்கள் இன்னொரு பக்கம். தெரிந்த வண்டிக்கு எளிதாகக் கடன் தருகிறவர்கள், என் வண்டி பெயரைச் சொன்னதும் "ரீசேல் எப்படின்னு தெரியலையே மேடம்" என்று டவுன் பேமெண்டை ஏற்றிவிடுவார்கள். டவுன் பேமெண்ட் ஏறினால் பாதிப் பேர் "யோசிச்சு சொல்றேன்" என்று போய்விடுவார்கள். விற்றால்தானே ரோட்டில் வண்டி தெரியும், தெரிந்தால்தானே ரீசேல் வரும்? இந்த முடிச்சை என்னால் கடைசி வரை அவிழ்க்க முடியவில்லை.

சரி, விற்பனைக் கஷ்டத்தைக் கூடத் தாங்கிவிடலாம். என்னை உடைத்தது ஸ்பேர்.

கீழ்க்கோத்தகிரிப் பக்கம் தோட்டம் வைத்திருக்கும் ஒரு அண்ணன், எங்களிடம் முதல் மாதம் வண்டி எடுத்தவர்களில் ஒருவர். ஏழாவது மாதம் ஃபியூயல் பம்ப் போய்விட்டது. வாரண்டி இருந்தது. போட்டோ எடுத்து, ரிப்போர்ட் எழுதி அனுப்பினேன். ஒப்புதல் வரவே 16 நாள் ஆனது. அப்புறம் "ஸ்டாக் இல்லை, வந்துகொண்டிருக்கிறது" என்றார்கள். ஏரியா மேனேஜர் நல்ல மனிதர். அவரும் எனக்காகப் பத்துப் பேருக்குப் போன் செய்தார். அந்த அண்ணன் ஒரு நாள் நேரில் வந்து, குரலை உயர்த்தாமல் சொன்னார்: "ஏம்மா, மாசாமாசம் டியூ கரெக்டா போகுது. வண்டிதான் உங்க ஷோரூம்ல நிக்குது."

அன்று மாலையே, வருகிறவர்கள் ஓட்டிப் பார்க்க வைத்திருந்த டெமோ வண்டியின் பம்ப்பைக் கழற்றி அவருக்குப் போட்டோம். கம்பெனி பம்ப் 41ஆம் நாள் வந்தது. அதற்குள் இன்னொருவருக்கு பிரேக் மாஸ்டர் சிலிண்டர் தேவைப்பட்டது. மேட்டுப்பாளையம் இறக்கத்தில் தினமும் இறங்குகிறவரை பிரேக் இல்லாமல் காத்திருக்கச் சொல்ல முடியுமா? அதையும் டெமோ வண்டியிலிருந்தே எடுத்தோம். அப்புறம் செல்ஃப் மோட்டார், ஹெட்லைட். டெமோ வண்டி இல்லாததால் டெஸ்ட் ரைடு நின்றது. டெஸ்ட் ரைடு இல்லாமல் இரண்டு லட்சம் கொடுத்து யார் வாங்குவார்கள்?

மெக்கானிக் விஷயத்தையும் சொல்ல வேண்டும். கம்பெனி ஒரு பையனுக்குப் பயிற்சி கொடுத்தது, அருமையாகக் கற்றுக்கொண்டான். ஆனால் ரோட்டில் எங்கள் வண்டி மொத்தமே அறுபதுதான். மாதத்துக்குப் பத்துப் பதினைந்து சர்வீஸ் வரும். அந்த வருமானத்தில் அவனுக்கு என்ன சம்பளம் கொடுப்பது? ஒன்றரை வருடத்தில் ஊட்டியில் பெரிய ஷோரூம் அவனை எடுத்துக்கொண்டது. அவன் மேல் எனக்கு வருத்தம் கிடையாது.

என் அப்பா நாற்பது வருடம் மெக்கானிக். கோத்தகிரிப் பக்கத்து அரவேணுவில் ஷெட். அவருக்கு யெஸ்டி பைக் என்றால் உயிர். அதைத் தயாரித்த, மைசூர் யாதவகிரியில் இருந்த ஐடியல் ஜாவா ஃபேக்டரி 1996இல் மூடப்பட்டது. அதற்குப் பிறகும் அப்பா ஷெட்டில் யெஸ்டி ஓடிக்கொண்டுதான் இருந்தது. கூடலூர் வழியாக மைசூருக்கு பஸ் ஏறிப் போய் ஒரு சாக்குப் பை நிறைய ஸ்பேர் வாங்கி வருவார். கிடைக்காத புஷ்ஷைக் கோயம்புத்தூர் லேத்தில் கடைந்து வாங்குவார். டூ ஸ்ட்ரோக் இன்ஜின், கார்புரேட்டர், ஒரு சாக்கெட் செட். கம்பெனி செத்த பிறகும் வண்டியை ஊர் மெக்கானிக்குகள் பிழைக்க வைத்தார்கள்.

என் வண்டியை அப்பாவால் அப்படிக் காப்பாற்ற முடியவில்லை. ஃபியூயல் இன்ஜெக்‌ஷன், ஏபிஎஸ் பிரேக், இன்ஜினை நடத்தும் ஈசியு என்ற குட்டிக் கம்ப்யூட்டர். கோளாறு என்ன என்று பார்க்கவே கம்பெனியின் ஸ்கேனர் வேண்டும். அப்பா அந்த பம்ப்பைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பாப்பா, இதைத் திறந்தா மூட முடியாது" என்றார். இன்றைய சின்னக் கம்பெனிக்கு இதுதான் பெரிய சிக்கல் என்று நினைக்கிறேன். ஊர் மெக்கானிக் கைகொடுக்க முடியாத வண்டியை விற்கிறது, ஆனால் ஊருக்கு ஊர் சர்வீஸ் வைக்க அதனிடம் பணம் இல்லை.

இது நம் ஊர்க் கம்பெனிகளோடு நிற்பதில்லை. அமெரிக்காவில் எரிக் பியூல் என்ற இன்ஜினியரின் பைக்குகளை ஹார்லி டேவிட்சன் ஷோரூம்களில் விற்றார்கள். 2009இல் ஹார்லி அந்தப் பிராண்டையே மூடியது. அவர் தனியாக ஆரம்பித்த ஈபிஆர் கம்பெனியில் நம் ஹீரோ மோட்டோகார்ப் 49.2 சதவீதப் பங்கு வைத்திருந்தும் 2015 ஏப்ரலில் அதுவும் நின்றது. டிரையம்ஃப் போன்ற பழைய பிரிட்டிஷ் கம்பெனியே இந்தியாவில் விற்பனையையும் சர்வீஸையும் பஜாஜ் கையில் கொடுத்துவிட்டுத்தான் 2023இல் ஸ்பீடு 400 பைக்கை இறக்கியது. ஊர் ஊராக ஷோரூம் கட்டுவது அவ்வளவு செலவு பிடிக்கும் வேலை.

கம்பெனி போனால் டீலருக்கு என்ன ஆகும்? 2020 செப்டம்பரில் ஹார்லி இந்தியாவில் ஃபேக்டரியை மூடுவதாகச் சொன்னபோது முப்பதுக்கும் மேற்பட்ட டீலர்கள் திகைத்து நின்றார்கள். டீலர்களைப் பாதுகாக்கத் தனிச் சட்டம் வேண்டும் என்று டீலர்கள் கூட்டமைப்பான ஃபாடா அப்போது கேட்டது. கோடிக்கணக்கில் போட்டவர்களுக்கே அந்த நிலை என்றால் சப் டீலரை யார் கேட்பார்கள்? என் டெபாசிட் எட்டு மாதம் கழித்து மூன்று தவணையில் வந்தது. கட்டாயமாக வாங்கச் சொன்ன ஸ்பெஷல் டூல்ஸும், விற்காத ஸ்பேரும் என் தலையில்தான்.

அந்தப் பையனிடம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மூடும்போது ஸ்டாக்கையும் ஸ்பேரையும் திருப்பி எடுப்பதாக அக்ரிமென்ட்டில் எழுதி வாங்கு என்றேன். கோயம்புத்தூர் குடோனுக்கு நேரில் போய், ஃபியூயல் பம்ப் எத்தனை இருக்கிறது என்று எண்ணிப் பார்க்கச் சொன்னேன். கோத்தகிரிக்கு மட்டும் தனியாக எடுக்காமல் குன்னூர், ஊட்டி, கூடலூர் எல்லாவற்றுக்கும் ஒரே சர்வீஸ் வேன் தருவார்களா என்று கேட்கச் சொன்னேன். மலைக்கு அதுதான் சரி வரும்.

நேற்று அந்தக் கீழ்க்கோத்தகிரி அண்ணன் வந்திருந்தார். வண்டி இன்னும் ஓடுகிறது, கிளட்ச் லீவர் மட்டும் உடைந்துவிட்டது. டெமோ வண்டியிலிருந்து கழற்றிக் கொடுத்தேன். காசு கொடுக்க வந்தார், அப்பா வாங்கவில்லை. ஃபிரேமும், பின் சக்கரமும், இடது பக்கக் கண்ணாடியும் மீதி இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை பையன் ஷெட்டுக்கு வருகிறான். முதலில் அதைத்தான் காட்டப் போகிறேன்.