பாம்பன் தூக்குப் பாலம், சமையல்கட்டுத் தராசில்

சமையல்கட்டில் இருந்த எலக்ட்ரானிக் தராசு மூன்று நாளாகக் காணோம் என்று வீட்டில் தேடிக்கொண்டிருந்தார்கள். நாலாம் நாள் அது ஃபிட்டர் அண்ணன் வீட்டு மாடிக் கொட்டகையில், தூண்டில் ஈயக் குண்டுகளுக்குக் கீழே அகப்பட்டது. முறுக்கு மாவு நிறுக்கிற தட்டில் ஈயமா என்று என் மனைவி கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. புதுத் தராசு வாங்கிக் கொடுத்துவிட்டேன். பழையது இப்போது கொட்டகைக்கே சொந்தம்.

நாங்கள் நாலு பேர். பொன்மலை ரயில்வே பட்டறையில் முப்பத்தைந்து வருஷம் இருந்து ரிட்டையர் ஆன ஃபிட்டர் அண்ணன், பிசிக்ஸ் வாத்தியார், மண்டபம் பக்கம் சில வருஷம் வேலை பார்த்த ஸ்டேஷன் மாஸ்டர், அப்புறம் தபால் ஆபீஸில் முத்திரை குத்தியதைத் தவிர கைவேலை எதுவும் தெரியாத நான். வாரத்தில் இரண்டு நாள் சாயங்காலம் நாலிலிருந்து ஆறரை வரை கொட்டகையில் மாடல் செய்வோம். ஆறரைக்கு மேல் அண்ணிக்கு மாடியில் துணி எடுக்க வேண்டும், வாத்தியாருக்கு சுகர் மாத்திரை.

முன்பு கல்லணை செய்தோம், தெர்மோகோலில். பார்க்க நன்றாயிருந்தது, ஆனால் அசையாது. அண்ணனுக்கு அசையாத பொருள்மேல் மரியாதை கிடையாது. ஊட்டி மலை ரயிலுக்கு நீராவி எஞ்சின் கட்டிக்கொடுத்த பட்டறையில் இருந்தவர், "ஓடணும், இல்லேன்னா தூக்கணும். சும்மா நிக்கிறதுக்கு பொம்மைக் கடை இருக்கே தம்பி" என்பார். 2022 டிசம்பரில் பழைய பாம்பன் பாலத்தில் ரயில் நின்றுபோனதிலிருந்தே மாஸ்டர் அந்தத் தூக்குப் பாலத்தைச் செய்ய வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். 2025 ஏப்ரல் 6-ஆம் தேதி புதுப் பாலம் திறந்ததை டிவியில் சேர்ந்து பார்த்தோம். 72.5 மீட்டர் நீளத் துண்டு அப்படியே படுத்த வாக்கில் 17 மீட்டர் மேலே ஏறுகிறது. "லிஃப்ட் மாதிரி இருக்கு" என்றார் மாஸ்டர், பாராட்டாகவும் இல்லை, குறையாகவும் இல்லை. அடுத்த வாரமே பழைய பாலத்துப் படங்களை பிரிண்ட் எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

பழையது 1914-இல் திறந்தது. நடுவில் கப்பல் போக வழிவிடும் பகுதிக்கு ஷெர்ஜர் முறை என்று பெயர். இரண்டு இறக்கைகள், இரண்டு பக்கமும் கும்பிடுகிற கை பிரிவதுபோல மேலே எழும். எல்லோரும் அதைக் கதவுக் கீல் மாதிரி நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். கீலே கிடையாது. இறக்கையின் அடிப்பக்கம் வட்டத்தில் ஒரு துண்டு போல வளைந்திருக்கும்; அந்த வளைவு தட்டையான தண்டவாளத்தின்மேல் பின்னோக்கி உருளும். சாய்வு நாற்காலி ஆடுகிற மாதிரி. அதனால் இறக்கை எழும்பும்போதே பின்வாங்கவும் செய்கிறது, கப்பலுக்கு வழி இன்னும் அகலமாகக் கிடைக்கிறது. எங்கள் மாடலில் வளைவின் ஆரம் 8 செ.மீ. இறக்கை 80 டிகிரி எழும்பினால் 11 செ.மீ. பின்னுக்குப் போகிறது. மேஜையில் பார்க்க அது நிறையவே தெரிகிறது.

ஏறக்குறைய நூறில் ஒரு பங்கு என்று வைத்துக்கொண்டோம். அளவு பிசகாத மாடல் என்று சொல்ல மாட்டேன், போட்டோவை வைத்து ஸ்கேலால் அளந்து போட்டதுதான். ஒரு இறக்கை 36 செ.மீ.

முதல் சறுக்கல் மரத்திலேயே. குறுக்குச் சட்டங்களை லேசரில் வெட்டித்தர ஒரு கடையில் கொடுத்தோம். 3 மி.மீ. பிளைவுட் என்று சொல்லி வாங்கியது உண்மையில் 2.7 தான். நாங்கள் வரைந்த பொருத்துவாய் எல்லாம் 3. கோத்துப் பார்த்தால் பல் விழுந்த வாய் மாதிரி ஆடுகிறது. கடைக்காரரைக் குறை சொல்ல முடியாது, அவர் கொடுத்த படத்தைத்தான் வெட்டினார். வெர்னியரால் அளக்காமல் வரைந்தது நான். ஒவ்வொரு இடுக்கிலும் காகிதப் பட்டை ஒட்டி இறுக்கினோம். ஒரு இறக்கையில் மட்டும் நூற்றுச் சொச்சம் இடுக்கு. தபால் ஆபீஸில் ஸ்டாம்ப் ஒட்டிய பழக்கம் அங்கேதான் உதவியது. இரண்டாவது இறக்கையை அண்ணன் ஐஸ் குச்சியிலேயே செய்துவிட்டார். அதுதான் இன்றைக்கும் நேராக நிற்கிறது.

1964 புயலில் போன பாலத்தை எஞ்சினியர் ஸ்ரீதரன் தலைமையில் 46 நாளில் மறுபடி ரயில் ஓடும்படி செய்தார்கள். எங்களுக்கு ஒரே ஒரு இறக்கைக்கு 46 நாள் தாண்டியது. மாஸ்டர் இதைத் தினமும் நினைவூட்டினார்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். தூக்குப் பாலத்தில் கஷ்டமான வேலை தூக்குவது இல்லை. நிஜப் பாலத்தில் ஒரு இறக்கை 415 டன் என்பார்கள். அதை ஆட்கள் கையால் சுற்றியே தூக்கினார்கள், மோட்டார் கிடையாது. எப்படி முடிந்தது என்றால், பின்பக்கம் எதிர் எடை இருக்கிறது. நீளத்தில் நூறில் ஒரு பங்கு என்றால் எடையில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. வாத்தியார் கணக்குப் போட்டுவிட்டுச் சிரித்தார். "டன்னை எடுத்துட்டு கிராம்னு போடுங்க. 415 கிராம்!" அதற்குத்தான் தராசு.

எங்கள் மர இறக்கை மட்டும் 96 கிராம் வந்தது. பின்னால் இரண்டு தீப்பெட்டியை ஒன்றின்மேல் ஒன்று வைத்த அளவில் அட்டைப் பெட்டி செய்து, காவேரியில் தூண்டில் போடுகிறவர்கள் வாங்கும் ஈயக் குண்டைப் போட்டு நிரப்பினோம். ஈயத்தை உருக்கி ஊற்றிவிடலாம் என்றார் அண்ணன். புகை ஆகாது என்று வாத்தியார் ஒரேயடியாக மறுத்துவிட்டார். குண்டுகளைத் தொட்ட கையோடு பஜ்ஜியை எடுக்கவும் விடவில்லை, சோப்பு போட்டுக் கழுவிவிட்டு வரச் சொன்னார்.

முதலில் பெட்டியைத் தண்டவாள மட்டத்துக்குப் பக்கத்திலேயே, கீழே ஒட்டினோம். குண்டு ஒவ்வொன்றாகப் போடப்போட மூக்கு லேசாகி, படுத்த நிலையில் சமமாக நின்றது. கைதட்டினோம். தூக்கினால் கனக்கிறது. பாதி உயரத்தில் விட்டால் டொப்பென்று திரும்பி விழுகிறது. படுத்திருந்தால் சமம், எழுந்தால் சமமில்லை. மூட்டு வலிக்காரன் கதை என்றார் மாஸ்டர்.

இன்னும் நாலு குண்டு போடலாம் என்று அண்ணன், போட்டால் படுக்கவே படுக்காது என்று நான். வாத்தியார் மட்டும் பேசாமல் ஒரு சைக்கிள் ஸ்போக்கை எடுத்தார். வளைவின் வட்டத்துக்கு மையம் எங்கே வருமோ, அங்கே இரண்டு பக்கச் சட்டத்திலும் ஓட்டை போட்டு ஸ்போக்கை நுழைத்து, இறக்கையை அதில் தொங்கவிட்டார். தண்டவாளம் இல்லை, உருளல் இல்லை, வெறும் அச்சு. படுக்க வைத்தார், நின்றது. செங்குத்தாக நிறுத்தினார், நிற்கவில்லை, ஆடி ஆடி மறுபடி படுத்துக்கொண்டது. "மொத்த எடையோட நடு இந்தக் கம்பியில விழணும். முன்ன பின்ன சரியாயிருக்கு. மேல கீழ தப்பு. படுக்க வெச்சா முன்ன பின்ன தப்பு மட்டும்தான் தெரியும், நிமித்தினாத்தான் மேல கீழ தெரியும்."

எனக்கு அது ஒரு நிமிஷம் கழித்துத்தான் உறைத்தது. எடையின் மையம் உருளும் வட்டத்தின் மையத்திலேயே இருந்துவிட்டால், உருளும்போது அது ஏறுவதும் இல்லை, இறங்குவதும் இல்லை; நேர்கோட்டில் பின்னால் போகிறது, அவ்வளவுதான். பளுவையே தூக்காமல் பாலத்தைத் தூக்குகிற வித்தை. உராய்வுக்கு மட்டும் பலம் கொடுத்தால் போதும். மரச் சட்டத்தின் கனம் பெரும்பாலும் பாதை ஓடும் கீழ்ப் பகுதியில் இருப்பதால், அதை ஈடுகட்ட ஈயம் மையத்துக்கு மேலே ஏற வேண்டும்.

அண்ணன் உடனே மூன்று செ.மீ. மேலே ஏற்றினார், அவருக்கு எதையும் தாராளமாகச் செய்துதான் பழக்கம். இப்போது வேறு கூத்து. முதலில் கொஞ்சம் முரண்டு பிடித்துவிட்டு, 20 டிகிரி தாண்டியதும் இறக்கை தானாகவே எழுந்து ஓடிப்போய்ப் பின்னால் இருந்த ஃபெவிகால் டப்பாவைத் தட்டிவிட்டது. அரைக் கிலோ டப்பா, மூடி திறந்திருந்தது. வடாம் காயப்போட்டிருந்த துணி ஓரம் வரை போனது. அண்ணி அன்றைக்கு டீ கொடுக்கவில்லை.

அப்புறம் இரண்டு நாள் பெட்டியைக் கால் செ.மீ., கால் செ.மீ.யாக இறக்கி, ஸ்போக்கில் மாட்டி, படுக்கவைத்து, நிமிர்த்தி, நாற்பத்தைந்து டிகிரியில் விட்டுப் பார்த்தோம். மையத்துக்கு மேலே ஒன்றரை செ.மீ.க்குக் கொஞ்சம் குறைவாக, ஒரு விரல் அகலத்தில் நின்றது. எந்தக் கோணத்தில் விட்டாலும் அங்கேயே நிற்கிறது. விடுகிற கை பயந்து பயந்து விலகுகிறது, இறக்கை அசையாமல் அந்தரத்தில் சாய்ந்து நிற்கிறது. நாலு பேரும் சுண்டுவிரலால் மாறி மாறித் தள்ளிப் பார்த்தோம். கடைசியில் ஈயம் 270 கிராம், மரம் 96, திருகு பட்டை எல்லாம் 11. கூட்டினால் 377. நிஜத்துக்கு 38 குறைவு. இரும்புக்குப் பதில் மரத்தில் செய்துவிட்டு இவ்வளவு நெருங்கியது தற்செயல்தான், ஆனால் அண்ணன் அதைத் தன் சாமர்த்தியம் என்றே சொல்லி வருகிறார்.

வழுக்கல் பிரச்சினை ஒன்று இருந்தது. மழமழப்பான சட்டத்தில் வளைவு உருளாமல் சறுக்கியது. இரண்டு பக்கமும் ஒரே அளவு சறுக்கினாலாவது பரவாயில்லை, இடப்பக்கம் பின்தங்கி இறக்கை கோணிக்கொண்டது. நிஜத்தில் இதற்காகவே பாதையில் பற்களும் வளைவில் அதற்கேற்ற துளைகளும் வைப்பது உண்டு. உப்புத்தாள் ஒட்டிப் பார்த்தோம், மணல் உதிர்ந்தது. செத்துப்போன பிரிண்டரைப் பிரித்தபோது பல் வைத்த ரப்பர் பெல்ட் கிடைத்தது. ஒரு துண்டைப் பாதையிலும் ஒரு துண்டை வளைவிலும் பல்லோடு பல் சேரும்படி ஒட்டினோம். இழுப்பதற்கு, மைய ஸ்போக்கில் நைலான் நூல் கட்டி, தையல் மெஷின் பாபினில் சுற்றி, வளைத்த குடைக் கம்பியில் கைப்பிடி.

பெயிண்ட் அடிக்கும்போது பெரிய சண்டை. வெள்ளி கலந்த சாம்பல் நிறம் என்று முடிவு. கலக்கிக் காட்டினால் மாஸ்டர், "நீலம் தூக்கலா இருக்கே" என்கிறார். எனக்கு ஒரு நீலமும் தெரியவில்லை. அவருக்குப் போன மாசம்தான் வலக்கண்ணில் புரை ஆபரேஷன். இடக்கண் இன்னும் பாக்கி. ஒரு கண்ணை மூடிப் பார்த்துவிட்டு, மற்றதை மூடிப் பார்த்துவிட்டு, டப்பாவை வெயிலில் பிடித்தார். "இந்தக் கண்ணுக்கு சாம்பல் சார். இந்தக் கண்ணுக்கு நீலம்." பழைய லென்ஸ் மஞ்சள் பூத்துப்போய் நீலத்தை மறைத்துக்கொண்டிருந்திருக்கிறது. ஆபரேஷன் ஆகாத எங்கள் மூன்று பேர் கண்ணும் அந்த வகையில் மஞ்சள்தான் என்று வாத்தியார் சொன்ன பிறகு, ஓட்டெடுப்பு வேண்டாம் என்று மாஸ்டர் புதுக் கண்ணுக்கே விட்டுவிட்டோம். கொஞ்சம் மஞ்சள் கலந்தார். பேரன் வந்து பார்த்து, "இப்பதான் சரியான கிரே" என்றான்.

போன வாரம் மாஸ்டர் டேபிள் ஃபேன் கொண்டுவந்தார். பாம்பனில் காற்று மணிக்கு 58 கி.மீ. தாண்டினால் சிக்னல் சிவப்பாகிவிடும், ரயிலை விட மாட்டார்கள். மண்டபத்தில் அதற்காக நின்ற வண்டிகளின் கதை அவரிடம் நிறைய. ஃபேனை இரண்டில் வைத்தார். பாதி திறந்திருந்த இறக்கை, பாய்மரம் மாதிரி காற்றை வாங்கி, தானாகவே உருண்டு பின்னால் போனது. சமநிலை அவ்வளவு துல்லியமாக அமைந்ததால் வந்த வினை. காற்றுக்கும் சுண்டுவிரல் பலம் போதுமாகிவிட்டது. பாபின் கைப்பிடியில் ஒரு கொக்கி வைத்துப் பூட்ட வேண்டியதாயிற்று. கொக்கி போட்ட பிறகு ஃபேனை மூன்றில் வைத்தும் அசையவில்லை. அண்ணன் தலைமுடிதான் பறந்தது, இருக்கிற கொஞ்சம்.

இப்போதைய நிலவரம்: இரண்டு இறக்கையும் எழும்புகிறது, இறங்குகிறது. இறங்கிச் சேரும் நடு இடத்தில் என் பிளைவுட் இறக்கை, அண்ணன் ஐஸ் குச்சி இறக்கையைவிட 2 மி.மீ. தூக்கலாக நிற்கிறது. மாஸ்டர் கொண்டுவந்த சின்ன எஞ்சின் அந்தப் படியில் முட்டி நின்றுவிடுகிறது. மழைக்கு பிளைவுட் வீங்கியிருக்கும் என்று நான். முதலிலேயே கோணல்தான் என்று அண்ணன். நாளை சாயங்காலம் அரம் போட்டுப் பார்க்கிறோம்.