ஃபெரோ: சுமத்தலும் பொறுத்தலும்

லத்தீன் அகராதியில் ஒரு வினைச்சொல்லைத் தேடினால் அதன் நான்கு வடிவங்கள் அடுத்தடுத்துத் தரப்பட்டிருக்கும். ஏனைய வடிவங்களை அவற்றிலிருந்தே ஆக்கிக்கொள்ளலாம். ‘சுமக்கிறேன்’ என்று பொருள்படும் வினைக்கு அந்த நான்கும் ஃபெரோ, ஃபெர்ரே, துலி, லாத்தும் என வருகின்றன. முதன்முறை பார்த்தபோது மூன்று வெவ்வேறு சொற்கள் ஒரே பதிவில் கலந்துவிட்டன என்றே நினைத்தேன்.

உண்மையில் வேர்கள் இரண்டுதான். ஃபெரோவின் வேர் கிரேக்கத்தில் ஃபேரோ என்றும் சமஸ்கிருதத்தில் பரதி என்றும் வழங்கும் வினைகளுக்கு உறவானது. துலியும் லாத்தும் உருவில் விலகி நின்றாலும் உடன்பிறந்தவை: லாத்தும் முன்பு த்லாத்தும் என்றிருந்து, முதலெழுத்தை இழந்தது, துலியின் பழைய வடிவமான தெதுலியைப் பண்டைய ரோம நாடகாசிரியர் பிளாட்டஸின் நாடகங்களில் காணலாம். இவ்விரண்டும் ‘தூக்குகிறேன்’ எனப் பொருள்படும் தொல்லோவின் வேரில் பிறந்தவை. அவற்றை ஃபெரோ எடுத்துக்கொண்டதால், தொல்லோ தன் இறந்தகாலத்துக்கு முன்னொட்டுச் சேர்ந்த சுஸ்துலி என்னும் வடிவத்தைக் கொள்ள வேண்டியதாயிற்று.

நிகழ்காலத்தில் வேறொரு விலகல் உண்டு. ஃபெரிஸ், ஃபெரித் என எதிர்பார்க்கும் இடங்களில் உயிரெழுத்து இல்லாமல் ஃபெர்ஸ், ஃபெர்த் என்றே வரும். ஏவல் ஒருமையும் வெறும் ஃபெர்தான்.

பொருளை விளக்கத் தமிழருக்கு நெடிய உரை தேவையில்லை. நம் ‘பொறை’ பாரத்தையும் பொறுமையையும் ஒருங்கே குறிப்பதுபோல, ஃபெர்ரே என்பதும் சுமையைத் தாங்குவதையும் துயரத்தைத் தாங்குவதையும் குறிக்கும். துலியின் வேரிலிருந்தே ‘சகித்துக்கொள்ள’ எனப் பொருள்படும் தொலெராரேயும் பிறந்தது என்பது எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது.

முன்னொட்டுகள் சேரும்போது இவ்வினை மேலும் அழகு பெறுகிறது. ‘அகற்றுகிறேன்’ என்னும் அவுஃபெரோ இறந்தகாலத்தில் அப்ஸ்துலி என்றும், நான்காம் வடிவத்தில் அப்லாத்தும் என்றும் மாறும். லத்தீன் இலக்கணத்தார் ஒரு வேற்றுமைக்கு அப்லாத்தீவுஸ் என்று பெயரிட்டது இந்த அப்லாத்தும் வடிவத்திலிருந்துதான். ‘மலையின் வீழருவி’ என்பதை நீங்கற்பொருளுக்கு எடுத்துக்காட்டாகப் படித்தவர்களுக்கு அந்தப் பெயரின் காரணம் உடனே விளங்கும். ஆயினும் நம் ஐந்தாம் வேற்றுமையோடு அதை முற்றிலும் பொருத்திவிட முடியாது; ‘வாளால்’ என நாம் மூன்றாம் வேற்றுமையில் சொல்லும் கருவிப்பொருளையும் லத்தீனில் அதுவே ஏற்கிறது.