முதுகுப் பக்கம் ஒரு அங்குலம்

போன வாரம் அலமாரியைத் துடைக்கும்போது பழைய அளவு நோட்டு ஒன்று கிடைத்தது. அட்டையில் 1986 என்று என் கையெழுத்து. உள்ளே வாடிக்கையாளர்களின் அளவுகளுக்கு நடுவே என் அளவும் இருந்தது. கல்யாணச் சட்டைக்காக எழுதியது. மார்பு 34, இடுப்பு 28, தோள் 16½. அந்தப் பக்கத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பையன் மேல் எனக்குப் பிரியம் பிரியமாக வந்தது.

பதினான்கு வயதில் மதுரை புதுமண்டபத்தில் காஜா எடுக்கும் பையனாகச் சேர்ந்தேன். மீனாட்சியம்மன் கோயில் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே, வசந்த விழாவுக்காகத் திருமலை நாயக்கர் கட்டிய மண்டபம் அது. தூண்களுக்கு இடையே தையல் மெஷின்கள் வரிசையாக ஓடிக்கொண்டிருக்கும். சித்திரை வந்துவிட்டால் எங்களுக்கு இரவும் கிடையாது, பகலும் கிடையாது. அழகர் ஆற்றில் இறங்குவதற்குள் வேஷம் கட்டுகிறவர்களுக்கெல்லாம் தைத்துக் கொடுத்தாக வேண்டும். சல்லடம் என்கிற அரைக்கால்சட்டை, உருமா என்கிற தலைப்பாகை, ஓரமெல்லாம் ஜிகினா. இருபத்திரண்டு வயதில் மூன்று இரவுகள் தொடர்ந்து மெஷின் மிதித்திருக்கிறேன். மங்கலான பல்பு வெளிச்சத்தில், பேச்சை நிறுத்தாமலே ஊசியில் நூல் கோர்ப்பேன். விடிவதற்கு முன் முகத்தில் தண்ணீர், ஒரு டீ, அப்புறம் வைகைக்கு ஓட்டம். தோல் பையில் தண்ணீர் பீய்ச்சி ஆடுகிற கூட்டத்துக்குள் நான் தைத்த சல்லடம் எங்கே என்று தேடுவேன். கண்டுபிடித்துவிட்டால் அன்றைக்கு அழகரைப் பார்த்த மாதிரிதான்.

ஆனால் அந்த வயதில் என் நினைப்பெல்லாம் எப்போது கட்டிங் மாஸ்டர் ஆவோம் என்பதிலேயே இருந்தது. மிதிக்கிற காலையும் கோர்க்கிற கண்ணையும் நான் ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லை.

அந்த நாட்களில் ஓர் ஆத்தா ரவிக்கை தைக்கக் கொடுத்தார். தைத்து வாங்கிப் போனவர் மறுநாள் போட்டுக்கொண்டே வந்தார். முன்பக்கம் தொளதொளவென்று தொங்கியது. பின்பக்கம் மேலே ஏறி நின்றது. நான் டேப்பை வைத்துப் பார்த்துவிட்டு, "அளவு சரியாத்தானே ஆத்தா இருக்கு" என்றேன். அவர் ஒன்றும் பேசாமல் போய்விட்டார். டேப்பில் சரியாகத்தான் இருந்தது. அவருடைய முதுகு வளைந்திருந்ததை நான் பார்க்கவில்லை. கூன் விழுந்த முதுகுக்குப் பின்பக்கம் ஒரு அங்குலம் கூட்ட வேண்டும், முன்பக்கம் அரை அங்குலம் குறைக்க வேண்டும். யாரும் சொல்லித் தராமல், பத்துப் பதினைந்து ஆண்டுகள் பலருடைய முதுகுகளைப் பார்த்துப் பார்த்துத்தான் அது எனக்குப் பிடிபட்டது. அதற்குள் அந்த ஆத்தா கடைக்கு வருவது நின்றுபோயிருந்தது. இன்றைக்கும் வயதான அம்மாக்களுக்கு ரவிக்கை வெட்டும்போது அவருக்கும் சேர்த்தே வெட்டுகிறேன்.

நாற்பத்து நான்கு வயதில் வெள்ளெழுத்து வந்தது. கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் வயதோடு இறுகிவிடுகிறது, கிட்டத்தில் இருப்பதற்கு வளைந்து கொடுக்காது என்றார் கண் மருத்துவர். ஊசிக் காது மறைந்த அன்று அழுதுவிட்டேன். கொஞ்ச நாளில் மெஷினை விட்டு வெட்டு மேசைக்கு மாறினேன். அங்கே நின்றபோதுதான் வாசலில் வருகிறவர்களை முழு ஆளாகப் பார்க்க ஆரம்பித்தேன். மூட்டை தூக்குகிறவருக்கு ஒரு தோள் இறங்கியிருக்கும். இடுப்பில் பிள்ளையைச் சுமக்கிற பெண் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்பார். அளவு எடுப்பதற்கு முன்பே துணியில் கோடு எங்கே விழ வேண்டும் என்று தெரிந்துவிடுகிறது. இந்தச் சந்தோஷம் சித்திரை இரவுகளின் சந்தோஷம் மாதிரி இல்லை. சத்தமில்லாதது, ஆனால் நாள் முழுக்கக் கூடவே இருக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் மண்டபத்துக் கடைகளைக் காலி செய்தோம். சுவரில் தொங்கிய துணிகளையெல்லாம் இறக்கியபோது, என் முதுகுக்குப் பின்னாலேயே தூணில் அவ்வளவு அழகான சிற்பம். எத்தனை ஆண்டுகள் அதில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறேன்! கையால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் கிளம்பினேன்.

இப்போது என்னிடம் வேலை பார்க்கும் பையனுக்கு இருபத்தொரு வயது. எனக்கு ஊசி கோர்த்துத் தருவது அவன்தான். ஒரே தடவையில் நூல் உள்ளே போவதைப் பார்க்க ஒவ்வொரு முறையும் ஆசையாக இருக்கிறது. "கண்ணு நல்லா இருக்குடா" என்று வாய்விட்டுச் சொல்லிவிடுவேன். அவன் வெட்கப்படுவான்.

நோட்டு கிடைத்த அன்றே எனக்கு ஒரு சட்டை வெட்டினேன். பையன் துணியை மடித்துப் பார்த்துவிட்டு, "மாமா, பின்பக்கம் நீளமாப் போச்சே, தப்பா வெட்டிட்டீங்களா?" என்றான். நான் திரும்பி நின்று காட்டினேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு டேப்பை எடுத்து என் பின்கழுத்து எலும்பில் வைத்து, வளைவோடு மெதுவாகக் கீழே இறக்கினான். நான் சொல்வதற்கு முன்பே அளவைப் புது நோட்டில் எழுதிக்கொண்டான்.