டில்லரா, குழாயா?

நுவரெலியாவுக்குக் கிட்ட, கந்தப்பளைப் பக்கம் கரட் போட 40 பேர்ச்சஸ் காணியைக் குத்தகைக்கு எடுத்ததிலிருந்து வீட்டில் ஒரே பேச்சு: "முதல்ல ஒரு டில்லரை வாங்குடா." மண்ணைக் கிளறுகிற அந்த இயந்திரம் இல்லாத விவசாயத்தைச் சித்தப்பா விவசாயமாகவே எடுத்துக்கொள்ள மாட்டார். நான் வாங்கவில்லை.

கால் ஏக்கர்தான், அதுவும் ஒரே துண்டு இல்லை. மேலிருந்து கீழே படிபடியாக இறங்குகிறது, ஒவ்வொரு படியும் ஆறேழு அடி அகலம், இடையில் கல்கட்டு. டில்லரைத் திருப்புவதற்குள் ஓரம் இடிந்துவிடும். அடுத்த படிக்கு ஏற்ற மூன்று பேர் வேண்டும். அந்த மூன்று பேரிடமும் மண்வெட்டியைக் கொடுத்தால் கொத்தியே முடித்துவிடுவார்களே! போகத்துக்குச் சில நாள் வேலைக்காகக் கடன் எடுப்பானேன்?

தண்ணீர்ச் செலவுதான் உண்மையான செலவு. பெப்ரவரி வெயிலில் கரட் விதை முளைக்கும்வரை மேல்மண் காயவே கூடாது. ஒரு நாள் காய்ந்து ஓடு பிடித்தாலும் வரிசையில் அங்கங்கே சொட்டையாகிவிடும். கோவா (முட்டைக்கோஸ்), லீக்ஸ் மாதிரி நாற்றுப் பிடுங்கி நடவும் முடியாது, வேர் கிளை விட்டுக் கிழங்கு கோணிப்போகும். விதை டின் விற்கிற விலைக்கு இரண்டாம் தடவை விதைக்கிற பேச்சே கிடையாது.

இங்கே எல்லோரும் வாங்குவது இரண்டு இஞ்சி பெற்றோல் பம்ப். பெட்டியில் '30 மீட்டர்' என்று போட்டிருக்கும். அது தண்ணீர் கொட்டுகிற உயரம் இல்லை, நின்றுபோகிற உயரம். அதோடு நுவரெலியாவே 1,868 மீட்டரில் இருக்கிறது. காற்று மெலிந்த இடத்தில் எஞ்சினின் பலம் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறையும், உறிஞ்சும் ஆழமும் குறையும். கொழும்புப் பக்கம் 7 மீட்டர் ஆழத்திலிருந்து இழுக்கிற பம்ப் இங்கே ஐந்திலேயே திணறும்.

காணிக்கு மேலே ஓர் ஊற்று இருக்கிறது, ஏறக்குறைய 20 மீட்டர் உயரத்தில். 10 மீட்டர் இறக்கத்துக்கு 1 பார் அழுத்தம் என்றால் 2 பார். சின்ன ஸ்பிரிங்ளர் சுற்ற அது போதும், பெற்றோலும் வேண்டாம். கடைக்காரர் முக்கால் இஞ்சிக் குழாயைத்தான் நீட்டினார், மலிவு என்று. நீளமாக இழுத்தால் உராய்விலேயே பாதி அழுத்தம் போய்விடும். ஒன்றரை இஞ்சியாகவே எடுத்தேன். ஊற்றுக்குப் பக்கத்து லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) ஆட்களிடம் முதலிலேயே பேசி, பகலில் அவர்களுக்கு, விடியற்காலையில் எனக்கு என்று வைத்துக்கொண்டோம். அதைப் பேசாமல் குழாய் போட்டால் குழாய் மிஞ்சாது.

மிச்சக் காசு கையில் இருக்கிறது. கோழி எரு, மண்ணின் புளிப்பைக் குறைக்கிற டொலமைட், லொறிக் கூலி எல்லாம் அறுவடைக்கு முன்னாலேயே கேட்கிற காசு. 2021இல் இரசாயன உரத்தைத் திடீரென்று தடை செய்து நவம்பரில் திரும்ப விட்டார்களே, அந்த ஏழு மாதத்தில் கைக்காசு இல்லாதவர்கள் பட்ட பாட்டைப் பார்த்தவன் நான். 2024 ஜனவரியில் கடையில் கரட் கிலோ 2,000 ரூபாவைத் தாண்டியது என்பதற்காகக் கணக்குப் போட்டு டில்லர் வாங்குகிறவர்களை என்ன சொல்வது?

அடுத்து 16 லீட்டர் மருந்து டாங்கி வாங்க வேண்டும். கையால் அடிப்பதா, பேட்டரியா என்று இன்னும் முடிவாகவில்லை. சித்தப்பா எந்தப் பக்கம் என்று சொல்லத் தேவையில்லை.